நானோ கோளங்கள் தாமே அடுக்கிக்கொள்ள: ஒற்றை அடுக்கிலிருந்து ஓபல் படலம் வரை

பாலிஸ்டைரீன் கோளங்களைத் தண்ணீர்ப் பரப்பில் ஒற்றை அடுக்காகச் சேர்த்து எடுப்பது இருபரிமாண வேலை. அதே கோளங்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் பல அடுக்குகளாக வளர்த்து, நிறம் காட்டும் ஓபல் படலமாக்குவது முப்பரிமாண வேலை. துகள்கள் தாமே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் தன்னொழுங்கமைவைக் கையால் செய்து கற்க இவை இரண்டையும்விட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. விலையுயர்ந்த கருவி வேண்டாம். சாதாரண வேதியியல் ஆய்வகம் போதும்.

கோளங்கள் தாமாகவே அடுக்கிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு கோளமும் தன் இடத்தைத் தேடி அமர நேரமும் தடையற்ற பரப்பும் வேண்டும். புதிதாக வருபவர்கள் கவனத்தை எல்லாம் உலர்த்தும் கட்டத்தில் வைக்கிறார்கள். படலத்தின் தலையெழுத்தோ அதற்கு வெகு முன்பே, பாட்டிலைத் திறக்கும்போதும் கண்ணாடியைக் கழுவும்போதும் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இங்கே முன்தயாரிப்புக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒற்றை அடுக்கு கைவந்த பிறகு ஓபலுக்குப் போங்கள்.

1. கோளத்தின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

அலமாரியில் இருக்கும் பாட்டிலை எடுத்துத் தொடங்குவதுதான் முதல் தவறு. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒற்றை அடுக்குப் பயிற்சிக்கு 1 மைக்ரோமீட்டர் அல்லது 500 நானோமீட்டர் விட்டமுள்ள கோளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மைக்ரோமீட்டர் கோளங்களைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தனித்தனியாகப் பார்க்கலாம். எது சரியாக அமைந்தது, எது கெட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஓபல் படலத்துக்கு அளவுதான் நிறம். நெருங்கி அடுக்கிய கோளங்களில் அடுத்தடுத்த அடுக்குகளுக்கு இடையிலான தூரம், விட்டத்தின் 0.816 மடங்கு. கோளங்கள் கனஅளவில் 74 சதவீதத்தை நிரப்புகின்றன, மீதி காற்று. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் 1.59, காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் படலத்தின் சராசரி எண் சுமார் 1.46. நேராகப் பார்க்கும்போது எதிரொளிக்கும் அலைநீளம், அடுக்குத் தூரத்தை இந்த எண்ணால் பெருக்கி இரட்டிப்பாக்கினால் கிடைக்கும். சுருக்கமாக, விட்டத்தின் 2.38 மடங்கு. 200 நானோமீட்டர் கோளம் 477 நானோமீட்டரில் நீலம் தரும். 220 பச்சை தரும். 250 எடுத்தால் 596 நானோமீட்டரில் ஆரஞ்சு. 300 எடுத்தால் 715-க்குப் போய்விடும். கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. நல்ல படலத்தையே வளர்த்துவிட்டு, நிறம் இல்லையே என்று தூக்கி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் ஓபலுக்கு 200 முதல் 260 வரை.

அளவைவிட முக்கியம் அதன் சீர்மை. பாட்டிலோடு வரும் சான்றில் விட்டத்தின் மாறுபாட்டுக் கெழு, அதாவது கோளங்களின் விட்டம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பது, எழுதியிருக்கும். அது 5 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 3-க்குள் இருந்தால் நிம்மதி. ஒரு பெரிய கோளம் வரிசைக்குள் நுழைந்தால் தன்னைச் சுற்றியுள்ள வரிசைகளையும் வளைத்துவிடும். அந்த வளைவு மேலடுக்குகளுக்கும் ஏறும். சீரற்ற கோளங்களை எவ்வளவு பொறுமையாக உலர்த்தினாலும் படிகம் வராது. வெள்ளைப் பூச்சுதான் வரும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கோளக் கலவை, 18.2 மெகாஓம் தரத் தூயநீர் (அயனிகள் அநேகமாக முழுதும் நீக்கியது), தூய எத்தனால், 2 சதவீத சோடியம் டோடெசில் சல்பேட் (சோப்புபோன்ற பரப்புச் செயலி) கரைசல், மைக்ரோபிப்பெட், 9 சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்ரி தட்டு, 20 மில்லிலிட்டர் தட்டையடிக் குப்பிகள், கண்ணாடித் தகடுகள், சோனிகேட்டர் (மீயொலி அதிர்வுத் தொட்டி), மையவிலக்கி, வெப்பநிலை நிலையாக நிற்கும் ஓவன், கூர்முனை இடுக்கி. இவற்றோடு ஒரு லேசர் பாயிண்டர். எந்த நிறம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குழாய்நீரும் சாதாரணமாகக் காய்ச்சி வடித்த நீரும் வேண்டாம். கோளங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதற்குக் காரணம் அவற்றின் மேற்பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டம். நீரில் உப்பு இருந்தால் அந்த விலக்கம் மறைக்கப்படும். கோளங்கள் அருகே வந்து கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை பிறகு வரிசையில் அமராது.

3. கண்ணாடியைக் கழுவுதல்

தோல்விகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. நமக்கு வேண்டியது தண்ணீர் முழுதாகப் பரவி நிற்கும் பரப்பு. எங்காவது எண்ணெய்ப்பசை இருந்தால் அங்கே நீர்ப்படலம் கிழியும். கிழிந்த இடத்தில் கோளங்கள் குவியும் அல்லது வெற்றிடம் விழும்.

முதலில் ஆய்வகச் சோப்புக் கரைசலில் தகடுகளை நிறுத்திவைத்து 15 நிமிடம் சோனிகேட்டரில் வையுங்கள். பிறகு தூயநீரில் பலமுறை அலசுங்கள். சோப்பின் மிச்சம் இருந்தால் அது அடுத்த கட்டத்தில் பரப்பு இழுவிசையைக் கெடுக்கும். அடுத்து எத்தனாலில் 15 நிமிடம், மறுபடி தூயநீர். கடைசியாக ஆக்சிஜன் பிளாஸ்மாவிலோ புறஊதா-ஓசோன் கருவியிலோ சில நிமிடங்கள். இந்தக் கடைசிப் படிதான் கரிமப் படிவை எரித்து நீக்கி, கண்ணாடியை நீர்விரும்பியாக மாற்றுகிறது.

பழைய குறிப்புகளில் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலைச் சொல்லியிருப்பார்கள். அது நன்றாகவே சுத்தம் செய்யும். ஆனால் எத்தனாலோ அசிட்டோனோ சிறிது பட்டாலும் வெடிக்கக்கூடியது. மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து பாட்டிலே சிதறும். பக்கத்தில் அனுபவமுள்ளவர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இந்த வேலைக்கு அது அவசியமே இல்லை.

கழுவியது போதுமா என்று அறிய ஒரு சோதனை போதும். தகட்டைத் தூயநீரில் முக்கி நேராகத் தூக்குங்கள். நீர் முழுப் பரப்பிலும் ஒரே தாளாக நின்று, மேலிருந்து கீழாக மெல்ல மெலிந்தால் சரி. துளித்துளியாக உடைந்தாலோ ஓரத்திலிருந்து பின்வாங்கினாலோ மறுபடி முதலிலிருந்து. கழுவிய தகட்டை வெளியே காயவைத்தால் காற்றிலுள்ள ஆவிகள் படிந்து மீண்டும் பசை ஏறும். உடனே பயன்படுத்துங்கள், முடியாவிட்டால் தூயநீருக்குள்ளேயே வையுங்கள். தாளால் துடைப்பதும், கையுறை போட்டிருக்கிறோமே என்று நடுவில் பிடிப்பதும் கூடாது. இடுக்கியால் மூலையில் மட்டும் பிடியுங்கள்.

4. கலவையைத் தயார் செய்தல்

பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பீர்கள். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு, நுரை எழாமல் உருட்டிக் கலக்குங்கள். ஒருமுறை உறைந்துபோன கலவையைக் காப்பாற்ற முடியாது. பனிக்கட்டி கோளங்களை நெருக்கி ஒட்டவைத்துவிடும். அடியில் குருணை தெரிந்தால் அந்த பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள்.

வாங்கும் கலவையில் பெரும்பாலும் பரப்புச் செயலி, அதாவது சோப்பைப்போல் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள், சேர்த்திருப்பார்கள். அது பாட்டிலுக்குள் கோளங்களைப் பிரித்து வைக்கிறது. ஆனால் நம் தட்டில் தண்ணீரின் பரப்பு இழுவிசையை முன்கூட்டியே குறைத்து, கோளங்கள் பரவ வேண்டிய விசையைத் தின்றுவிடும். ஆகவே மையவிலக்கியில் அடியில் படியவைத்து, மேல்நீரைக் கொட்டி, தூயநீரில் மறுபடி கலக்குங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் போதும். வேகத்தை அதிகமாக வைத்தால் அடியில் படிந்தது கெட்டித்துப் பிரியாமல் போகும். குறைந்த வேகத்தில் அதிக நேரம் சுற்றுவதே நல்லது.

ஒவ்வொரு முறை கலக்கிய பின்னும் சோனிகேட்டரில் 10 முதல் 20 நிமிடம். தொட்டி நீர் சூடேறிக்கொண்டே போகும், இடையில் மாற்றுங்கள். பிறகு ஒரு துளியை நீர்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்ந்து நகர்ந்தால் கலவையை மறுபடி சோனிகேட்டரில் வையுங்கள். 250 நானோமீட்டர் கோளத்தின் வடிவம் தெரியாது, ஆனால் கொத்துகள் நன்றாகவே தெரியும்.

5. இருபரிமாணம்: தண்ணீர்ப் பரப்பில் ஒற்றை அடுக்கு

எவ்வளவு கலவை தேவை என்று முதலில் கணக்கிடுங்கள். கண்மதிப்பில் ஊற்றுபவர்கள் பாதி வழியில் கலவை தீர்ந்து நிற்பார்கள், அல்லது இரண்டடுக்காக்கிவிடுவார்கள். நெருங்கி அமைந்த ஒற்றை அடுக்கைத் திண்மமாக உருக்கி விரித்தால் அதன் தடிமன் விட்டத்தின் 0.605 மடங்கு. 500 நானோமீட்டர் கோளத்துக்கு அது 302 நானோமீட்டர். 9 சென்டிமீட்டர் தட்டின் பரப்பு ஏறத்தாழ 64 சதுர சென்டிமீட்டர். பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05. எல்லாவற்றையும் பெருக்கினால் 2 மில்லிகிராம் கோளம் போதும். 10 சதவீதக் கலவையைச் சம அளவு எத்தனாலோடு சேர்த்தால் 5 சதவீதமாகும்; அதில் 40 மைக்ரோலிட்டர். கொஞ்சம் மூழ்கிப் போகும் என்பதால் 50 முதல் 60 மைக்ரோலிட்டர் எடுத்துவையுங்கள்.

எத்தனால் எதற்கு? அது தண்ணீரைவிடக் குறைந்த பரப்பு இழுவிசை உள்ளது. துளி பரப்பைத் தொட்டதும் சுற்றியுள்ள தண்ணீர் அதை எல்லாப் பக்கமும் இழுத்து விரிக்கிறது. கோளங்கள் அந்த விரிவில் பரப்பின் மேலேயே தங்கிவிடுகின்றன. எத்தனால் இல்லாமல் விட்டால் துளி நேரே அடிக்குப் போகும்.

தட்டில் தூயநீரை நிரப்புங்கள். படலத்தை எடுக்கப்போகும் கண்ணாடித் தகட்டை முன்பே நீருக்கடியில் போட்டுவிடுங்கள். பின்னால் நுழைத்தால் சேர்ந்த படலம் கிழியும். கழுவிய வேறொரு கண்ணாடித் துண்டைத் தட்டின் ஓரத்தில் பாதி மூழ்குமாறு சாய்த்து வையுங்கள். அந்தச் சரிவில், நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே, பிப்பெட் முனையை ஒட்டவைத்து 5 மைக்ரோலிட்டர் மட்டும் விடுங்கள். கலவை சரிவில் இறங்கி நீரைத் தொட்டதும் வானவில் நிறமுள்ள தோல் ஒன்று வேகமாக ஓடிப் பரவும். அது நிற்கும் வரை காத்திருந்து அடுத்த 5 விடுங்கள்.

மேலிருந்து துளியாகச் சொட்டுவது இங்கே மிகப் பரவலான தவறு. விழும் துளி பரப்பைத் துளைத்துக்கொண்டு போகும். நீர் பால்போலக் கலங்கும். கலங்கிவிட்டால் நிறுத்திவிட்டுத் தட்டைக் கழுவித் தொடங்குங்கள். மூழ்கிய கோளங்கள், தகட்டைத் தூக்கும்போது கீழ்ப்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் படிந்து படலத்தை அழுக்காக்கும்.

பரப்பில் முக்கால்வாசி மூடியதும் நிறுத்துங்கள். இப்போது படலம் சிறுசிறு தீவுகளாகத் தளர்வாக மிதக்கும். 2 சதவீத சோடியம் டோடெசில் சல்பேட்டில் ஒரே ஒரு சொட்டை, படலம் இல்லாத ஓரத்தில் தொடவையுங்கள். அது அந்தப் பக்கத்தின் இழுவிசையைக் குறைக்க, எதிர்ப்பக்கம் படலத்தை இழுத்துச் சேர்க்கும். தீவுகள் நெருங்கி ஒன்றோடொன்று பொருந்துவதை, நிறம் சட்டென்று ஒரே சீராக மாறுவதில் காணலாம். கோளங்கள் இப்போது இடுக்குப்புள்ளிக் கோலத்தின் புள்ளிகளைப் போல, ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசை அமர்ந்து, ஒவ்வொன்றையும் ஆறு சூழ நிற்கின்றன. இரண்டாம் சொட்டு வேண்டாம். அதிகமானால் படலம் மடிந்து இரண்டடுக்காகும்.

நீருக்கடியிலுள்ள தகட்டை இடுக்கியால் பிடித்து, படலத்தின் நடுப்பகுதிக்குக் கீழே கொண்டுவந்து, சாய்வாக மெல்ல மேலே தூக்குங்கள். சொட்டு விட்ட பக்கமாகத் தூக்காதீர்கள். எடுத்த தகட்டைச் சாய்த்து நிறுத்திக் காற்றில் காயவிடுங்கள். படுக்கவைத்தால் நீர் நடுவில் தேங்கி, கடைசியில் அங்கே கோளங்களை இழுத்துக் குவிக்கும்.

சரிபார்க்க லேசர். கோள வரிசைகளுக்கு இடையிலான தூரம் விட்டத்தின் 0.866 மடங்கு. லேசரின் அலைநீளம் அதைவிடச் சிறியதாக இருந்தால்தான் புள்ளிகள் தெரியும். 1 மைக்ரோமீட்டர் கோளத்துக்குச் சிவப்பு பாயிண்டரே போதும். 650 நானோமீட்டர் ஒளி ஏறத்தாழ 49 டிகிரியில் விலகும். 500 நானோமீட்டர் கோளத்துக்குப் பச்சை லேசர் எதையும் காட்டாது. 405 நானோமீட்டர் ஊதா வேண்டும். ஒளியைத் தகட்டின் ஊடே திரையில் விழவைத்தால், ஒழுங்கான இடத்தில் ஆறு கூர்மையான புள்ளிகள் தெரியும். வளையம் தெரிந்தால், ஒளி விழுந்த இடத்துக்குள் பல திசைகளில் திரும்பிய சிறு படிகங்கள் இருக்கின்றன என்று பொருள். தகட்டை நகர்த்திக்கொண்டே பாருங்கள். புள்ளிகள் சுழலாமல் நிற்கும் தூரமே ஒரு படிகத்தின் அகலம். ஒளிக்கற்றையைக் கண்ணுக்கு நேராக ஒருபோதும் கொண்டுவராதீர்கள்.

6. முப்பரிமாணம்: நிறுத்திவைத்த தகட்டில் ஓபல்

200 முதல் 260 நானோமீட்டர் வரையுள்ள கோளக் கலவையைத் தூயநீரில் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை நீர்த்துக்கொள்ளுங்கள். குப்பியில் 15 மில்லிலிட்டர் ஊற்றி, சோனிகேட்டரில் வைத்த உடனேயே, கழுவிய தகட்டை ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்த்து நிறுத்துங்கள். ஓவனில் 50 முதல் 55 டிகிரி. குப்பியின் மேல் ஒரு பெரிய பீக்கரைக் கவிழ்த்து, அடியில் சிறு இடைவெளி விடுங்கள். ஆவி வெளியேற வேண்டும், ஆனால் ஓவன் விசிறியின் காற்று நேராகப் படக்கூடாது. பிறகு சில நாட்கள் கதவைத் திறக்காதீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். நீர் கண்ணாடியைத் தொடும் இடத்தில் மேல்நோக்கி வளைந்து மெல்லிய பிறைத்தளமாக ஏறி நிற்கிறது. அங்கே ஆவியாதல் வேகமாக நடக்கிறது. இழந்த நீரை ஈடுசெய்யக் கீழிருந்து நீர் ஓடிவருகிறது, கோளங்களையும் கூட்டிவருகிறது. படலம் கோளத்தின் உயரத்துக்கு மெலிந்ததும், கோளங்களுக்கு இடையே நீர் வளைந்து நுண்புழை விசையால் அவற்றை நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் சிறிது அசைந்து சரியான பள்ளத்தில் விழ நேரம் கிடைத்தால் படிகம், கிடைக்காவிட்டால் குவியல். வெப்பத்தைக் கூட்டி ஒரே இரவில் முடிக்கப் பார்ப்பது ஏன் பயன்தராது என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுக்குகளின் எண்ணிக்கை கலவையின் செறிவுக்கும் பிறைத்தளத்தின் உயரத்துக்கும் நேர்விகிதம். கோளத்தின் விட்டத்துக்கு எதிர்விகிதம். எனவே கோளத்தைப் பெரிதாக்கினால் அதே எண்ணிக்கையில் அடுக்குகள் கிடைக்கச் செறிவையும் கூட்ட வேண்டும். நீர் குறையக் குறையக் கலவை அடர்ந்துகொண்டே போவதால் தகட்டின் கீழ்ப்பகுதி எப்போதும் தடித்திருக்கும். அளவீட்டுக்கு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். ஒரே தடிமன் வேண்டுமென்றால் குப்பியில் அதிகக் கலவை வைத்து, அதில் சிறு பகுதி ஆவியானதுமே தகட்டை எடுத்துவிடுங்கள்.

சிலிக்கா கோளங்களை இதே முறையில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலிஸ்டைரீன் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. 250 நானோமீட்டர் கோளம் ஒரு நாளில் 0.15 மில்லிமீட்டர்தான் இறங்கும். சிலிக்காவின் அடர்த்தி சுமார் 2. 300 நானோமீட்டர் கோளமே அறை வெப்பநிலை நீரில் ஒரு நாளில் 4 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். ஓவன் சூட்டில் இன்னும் வேகமாக. பிறைத்தளம் கீழே வருவதற்குள் மேலே கோளங்கள் தீர்ந்திருக்கும். அதற்காகவே சிலிக்காவுக்கு, சீக்கிரம் ஆவியாகும் எத்தனாலைப் பயன்படுத்துகிறார்கள். 400-க்கு மேற்பட்ட சிலிக்கா கோளத்தோடு இந்த முறையில் மல்லுக்கட்டாதீர்கள்.

ஓவன் நிற்கும் மேசையில் மையவிலக்கியோ வெற்றிடப் பம்போ ஓடக்கூடாது. ஒவ்வொரு அதிர்விலும் பிறைத்தளம் ஒரு கணம் நழுவி மறுபடி பிடித்துக்கொள்ளும். அது படலத்தில் கிடைமட்டக் கோடாகப் பதியும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் காற்றின் ஈரம் ஏறினாலும் ஆவியாதல் மந்தமாகி இதே கோடுகள் வரும். அப்போது வெப்பநிலையைச் சில டிகிரி உயர்த்துவதைவிட, ஓவனுக்குள் ஒரு தட்டில் சிலிக்கா ஜெல் வைப்பதையே நான் விரும்புகிறேன். வெப்பநிலையை மாற்றினால் முந்தைய படலங்களோடு ஒப்பிட முடியாது.

7. எடுத்த பிறகு

தகட்டைச் செங்குத்தாகவே வெளியே எடுத்து, அறை வெப்பநிலையில் முழுதாகக் காயவிடுங்கள். ஈரமான படலம் வேறு நிறம் காட்டும். துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் இருப்பதே காரணம். காய்ந்ததும் நிறம் நீலத்தை நோக்கி நகரும்.

நிறம் உண்மையில் அடுக்கமைப்பால் வந்ததா என்பதை, தகட்டைச் சாய்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 250 நானோமீட்டர் படலம் நேராகப் பார்க்கையில் 596-இல் ஆரஞ்சு. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்த ஒளியில் 559-க்கு இறங்கி மஞ்சள் கலந்த பச்சையாகும். சாய்த்தும் மாறாத வெளிறிய நிறம் ஒழுங்கற்ற குவியலின் அடையாளம். நிறமாலைமானி இருந்தால் உச்சத்தின் இடத்தை மட்டுமல்ல, அகலத்தையும் குறித்துவையுங்கள். அகலம் கூடினால் அடுக்குகள் போதவில்லை, அல்லது கோளங்கள் சீராக இல்லை.

விரிசல் எல்லோரையும் வாட்டும். கோளங்கள் காயும்போது சிறிது சுருங்குகின்றன. கண்ணாடியோடு ஒட்டிய அடியடுக்கு சுருங்க விடுவதில்லை. அந்த இழுபறியில் படலம் பிளக்கிறது. தடித்த படலத்தில் பிளவுகள் அகலமாகும். செறிவைக் குறைத்து மெல்லிய படலம் வளர்ப்பதே எளிய வழி. முழுக்கத் தவிர்க்க வேண்டுமென்றால், நீராற்பகுத்த டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டைக் கலவையிலேயே சேர்த்து வளர்க்கலாம். கோளங்கள் அடுக்கும்போதே இடைவெளிகளில் சிலிக்கா நிறைந்து இழுவிசையைத் தாங்கிக்கொள்ளும்.

தொட்டால் உதிரும் படலத்தை 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் கோளங்கள் தொடும் இடங்களில் லேசாக ஒட்டிக்கொள்ளும். 100 டிகிரியை நெருங்காதீர்கள். பாலிஸ்டைரீன் அங்கே இளகித் துளைகள் மூடிவிடும், நிறமும் போய்விடும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். மெல்லிய தங்கப் பூச்சும் குறைந்த மின்னழுத்தமும் இல்லாவிட்டால் கற்றையின் சூட்டில் கோளங்கள் உங்கள் கண்முன்னே உருகும்.

8. படலத்தைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க

படலம் கெட்டால் உடனே வெப்பநிலையை மாற்றாதீர்கள். முதலில் படலத்தையே கூர்ந்து பாருங்கள். திட்டுத்திட்டாக வெறும் கண்ணாடி தெரிந்தால் கழுவியது போதவில்லை. 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். எங்கும் வெண்மையாக, நிறமே இல்லாமல் இருந்தால் நீரில் உப்பு இருந்திருக்கிறது அல்லது கோளங்கள் சீரற்றவை. அதே பாட்டிலை நுண்ணோக்கியில் மறுபடி பாருங்கள். கிடைமட்டக் கோடுகள் அதிர்வையும் ஈரத்தையும் காட்டுகின்றன. மேலே நல்ல நிறம், கீழே மங்கல் என்றால் செறிவு அதிகம், பாதியாக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் ஒரே கலவையில் நான்கு குப்பிகளை வைத்து, செறிவை மட்டும் வேறுபடுத்துங்கள். குறிப்பேட்டில் கலவையின் தொகுதி எண், காற்றின் ஈரப்பதம், தகட்டைக் கழுவியதற்கும் கலவையில் முக்கியதற்கும் இடைப்பட்ட நேரம் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். மாணவர்கள் எழுத விட்டுவிடுவது இந்த மூன்றைத்தான். பிழையைத் தேடும்போது முதலில் தேவைப்படுவதும் இவைதான்.

மீந்த கலவையைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். தனிப் பாட்டிலில் சேர்த்து வேதிக்கழிவோடு அனுப்புங்கள். இவை நுண்ணெகிழித் துகள்கள், வடிகட்டியில் நிற்காத அளவுள்ளவை.